பழைய துணியில் வட்ட விரிப்பு: கிழிப்பது முதல் கோர்த்து முடிப்பது வரை

வட்ட விரிப்பு பின்னத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஐந்தாறு சுற்று வரை தரையோடு ஒட்டிப் படுத்திருந்த விரிப்பு, அதற்குப் பிறகு ஓரம் தூக்கிக் கிண்ணமாகிவிடும். கிண்ணமாகாவிட்டால் ஓரம் அலை அலையாக நெளியும். என் முதல் விரிப்பு கிண்ணமானது. மூன்று வாரம் பின்னியதைப் பிரித்தேன். பிரித்தபோதுதான் இந்தக் கைவேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. துணியைக் கிழிப்பதும் பின்னுவதும் இரண்டு மணி நேரத்தில் கைக்குப் பழகிவிடும். வட்டத்தைத் தட்டையாக வைத்திருப்பதற்கு மட்டும் கொஞ்சம் கணக்கும் நிறையக் கவனமும் வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டியில் மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த ஒன்றில் நின்று பேசப்போகிறேன்.

வீணாகும் துணியைக் கிழித்து விரிப்பாக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. மூன்று புரியாகப் பின்னி, சுருளாகச் சுற்றிச் சேர்க்கும் முறை 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி வீடுகளில் வேரூன்றியது. ஆலைத் துணி பெருகியதால் பழந்துணியும் வீடுகளில் சேர்ந்தது; குளிர்ந்த தரைக்கு விரிப்பும் தேவைப்பட்டது. இதற்குத் தறி வேண்டியதில்லை. கையும் ஊசியும் ஒரு மேசையும் போதும்.

எவ்வளவு துணி வேண்டும்

பின்னுவதற்கு முன் கணக்குப் போட்டுவிடுங்கள். பாதியில் துணி தீர்ந்துபோனால் அதே நிறமும் அதே கனமும் கொண்ட துணி மறுபடி கிடைப்பது கடினம்.

விரிப்பின் பரப்பளவைப் பின்னலின் அகலத்தால் வகுத்தால் பின்னலின் நீளம் கிடைக்கும். ஒரு மீட்டர் விட்டமுள்ள விரிப்பின் பரப்பளவு ஏறத்தாழ 7,850 சதுர சென்டிமீட்டர். பின்னல் இரண்டரை சென்டிமீட்டர் அகலம் என்றால் 3,140 சென்டிமீட்டர், அதாவது 31 மீட்டருக்குச் சற்று மேல் பின்ன வேண்டும். பின்னும்போது துணி சுருங்கும். ஒரு மீட்டர் பின்னலுக்கு ஒவ்வொரு புரியிலும் சுமார் 1.4 மீட்டர் துணி நாடா போகும். மூன்று புரிக்கும் சேர்த்து 130 மீட்டருக்கு மேல் நாடா தேவை. நாடா ஐந்து சென்டிமீட்டர் அகலம் என்றால் ஆறரைச் சதுர மீட்டர் துணி. இரட்டைக் கட்டிலுக்கான பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்று ஏறக்குறைய ஐந்தரைச் சதுர மீட்டர் இருக்கும். ஒன்றேகால் படுக்கை விரிப்பை எடுத்து வைத்தால் போதும். நான் இதற்கும் மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்கிவைப்பேன்.

விட்டத்தை இரட்டிப்பாக்கினால் துணி நான்கு மடங்காகும். புதியவர்கள் 60 சென்டிமீட்டரில் தொடங்குவது நல்லது. அதற்குப் பதினொரு மீட்டர் பின்னல் போதும். பிழை செய்தாலும் பிரிப்பதற்கு மனம் வரும்.

துணியும் கருவியும்

ஒரே விரிப்பில் ஒரே வகைத் துணியைப் பயன்படுத்துங்கள். பருத்தியென்றால் முழுவதும் பருத்தி. கம்பளியென்றால் முழுவதும் கம்பளி. இரண்டையும் கலந்தால் முதல் சலவையிலேயே ஒன்று சுருங்கி மற்றொன்றை இழுக்கும். கனமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மெல்லிய துணியைத்தான் சேர்க்க வேண்டுமென்றால் அதை ஆறு, ஏழு சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்து, மடித்த பிறகு மற்றப் புரிகளின் பருமன் வருகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். வழுக்கும் செயற்கை இழைத் துணியைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள், இறுக்கம் நிற்காது.

புதிய துணியானாலும் பழைய துணியானாலும் வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகே கிழிக்க வேண்டும். அடர் சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள். ஒரே ஒரு நாடா சாயம் விட்டால்கூட விரிப்பு முழுவதும் கறைபடும்.

நெய்த பருத்தித் துணியை ஓரத்தில் கொஞ்சம் வெட்டிவிட்டுக் கையால் கிழிக்கலாம். இழையோட்டத்தை ஒட்டி நேராகக் கிழியும். பனியன் துணியைக் கிழிக்க முடியாது, வெட்ட வேண்டும். ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது: வெட்டிய நாடாவை இழுத்துவிட்டால் ஓரம் தானாகவே உள்ளே சுருண்டுகொள்ளும், மடிக்கும் வேலை மிச்சம்.

கருவிகளைப் பொறுத்தவரை கூரான கத்தரிக்கோல், அளவு நாடா, துணிக் கிளிப்புகள், சாதாரணத் தையல் ஊசி, மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசி ஒன்று, மெழுகு பூசிய தடித்த பருத்தி நூல் அல்லது சணல் நார் நூல், இவை போதும். மழுங்கிய ஊசியை விட்டுவிட்டுக் கூரான ஊசியால் கோர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கோர்க்கும்போது, அதாவது சுற்றுகளை நூலால் ஒன்றோடொன்று சேர்க்கும்போது, ஊசி துணியைத் துளைக்கக் கூடாது. பின்னலின் கண்ணிகளுக்கு (புரி ஓரத்தில் திரும்பும்போது விழும் வளைவுகளுக்கு) நடுவே நழுவிச் செல்ல வேண்டும்.

நாடாவை இணைப்பதும் மடிப்பதும்

இரண்டு நாடாக்களை நேர்த் தையலில் சேர்த்தால் அந்த இடத்தில் முடிச்சு போலத் தடிக்கும். இரண்டு நுனிகளையும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி, செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை சாய்வாகத் தைத்து, மிஞ்சிய முக்கோணத்தை வெட்டிவிடுங்கள். சாய்ந்த தையலில் தடிப்பு நாலைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பரவிவிடும், கைக்குத் தட்டுப்படாது.

மூன்று புரிகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வந்துவிடக் கூடாது. அதற்காகத் தொடக்கத்திலேயே மூன்று நாடாக்களையும் வெவ்வேறு நீளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். 130 மீட்டரையும் முன்கூட்டியே இணைத்துவிட்டுப் பின்ன உட்காராதீர்கள். புரிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் தொங்கினால் சிக்கல் எடுப்பதற்கே பொழுது போய்விடும். தீரத் தீர இணைத்துக்கொண்டே போகலாம்.

நாடாவின் இரண்டு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, பிறகு நடுவில் இன்னொரு முறை மடிக்க வேண்டும். கிழிந்த ஓரம் முழுவதும் உள்ளே போய்விடும். மடிப்பின் வாய் எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். இதை ஒழுங்காகச் செய்தால் விரிப்புக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இருக்காது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல அழகாக இருக்கும்.

பின்னலைத் தொடங்குதல்

இரண்டு நாடாக்களை நுனியோடு நுனி சேர்த்துத் தைத்து ஒரே நாடாவாக்கி மடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தையல் விழுந்த இடத்தில், மடிப்பின் வாய்க்குள் மூன்றாவது நாடாவின் நுனியைச் செருகித் தைத்துவிடுங்கள். இப்போது இடமும் வலமும் ஒவ்வொன்றும் கீழே ஒன்றுமாக மூன்று புரிகள் கிடைத்துவிட்டன. நுனிகள் எதுவும் வெளியே தெரியாது. இதை ஒரு நாற்காலியின் முதுகிலோ மேசை விளிம்பிலோ கிளிப்பால் பிடித்துக்கொண்டு பின்னத் தொடங்கலாம்.

தலைப் பின்னல் போட்ட கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலப்புரி நடுப்புரியின் மேல், இடப்புரி நடுப்புரியின் மேல் என்று மாறி மாறிப் போக வேண்டும். ஆனால் இழுக்கும் விதம் வேறு. தலைமுடியைக் கீழ்நோக்கி இழுத்துப் பின்னுவோம். இங்கே புரிகளைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். கீழே இழுத்தால் பின்னல் ஒடுங்கி நீளும். பக்கவாட்டில் இழுத்தால் அகலமாக, அடர்த்தியாக நிற்கும். பின்னி முடித்த பகுதியில் சுண்டுவிரல் நுனி நுழைந்தால் அது தளர்ச்சி. அந்த இடம் வரை பிரித்துவிடுங்கள்.

களைத்த கையோடு பின்னாதீர்கள். காலையில் பின்னியதும் இரவில் பின்னியதும் அகலத்தில் வேறுபடுவதை அளவு நாடா வைத்துப் பார்த்திருக்கிறேன். அகலம் மாறினால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

நடுவட்டம்

நேரான பின்னலை நடுவில் வளைத்தால் மடங்கித் திமிரும். ஆகவே பின்னும்போதே வளைவைக் கொடுத்துவிட வேண்டும். தொடக்கத்திலிருந்து இப்படிச் செய்யுங்கள்: இடப்புரியை நடுவின் மேல் எடுங்கள். இப்போது இடது ஓரத்துக்கு வந்திருக்கும் புரியை மறுபடியும் நடுவின் மேல் எடுங்கள். பிறகு வலப்புரியை நடுவின் மேல் கொண்டுவந்து இறுக்கி இழுங்கள். இது ஒரு வளைவு. எந்தப் பக்கத்துப் புரியை இரண்டு முறை எடுக்கிறோமோ அந்தப் பக்கத்தில் ஒரு கண்ணி கூடுதலாக விழும். அந்தப் பக்கம் நீளும். பின்னல் தானாகவே வலப்பக்கம் வளையும்.

இந்த வளைவை அடுத்தடுத்துப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டால் பின்னல் ஒரு சிறு வட்டமாகத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு வழக்கமான பின்னலுக்குத் திரும்பிவிடலாம். சுற்றிய வட்டத்தைச் சாதாரண ஊசியாலும் நூலாலும், கண்ணியோடு கண்ணி சேர்த்து, நடுத்துளை மூடும்படி தைத்துவிடுங்கள். இந்த உள்ளங்கை அளவு வட்டத்தை மேசையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அது தட்டையாக இல்லையென்றால் விரிப்பும் தட்டையாக இருக்காது. நடுவட்டத்தை இரண்டு முறை, மூன்று முறை பிரித்துச் செய்வதில் தவறே இல்லை. நான் இன்றும் அப்படிச் செய்கிறேன்.

கோர்த்தல்: வட்டம் கேட்கும் கணக்கு

இனி, பின்னலைச் சுருளாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் உள்சுற்றோடு கோர்க்க வேண்டும். கோர்க்கும் நூல் உள்சுற்றின் ஒரு கண்ணிக்குள் நுழைந்து, புதுப் பின்னலின் ஒரு கண்ணிக்குள் நுழைந்து, மறுபடி உள்சுற்றுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் நூலை இறுக்கி இழுத்தால் இரண்டு பின்னல்களின் கண்ணிகளும் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும். நூல் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

கண்ணிக்குக் கண்ணி அப்படியே கோர்த்துக்கொண்டு போனால் கிண்ணம் உருவாகும். காரணம் எளியது. வெளிச்சுற்று உள்சுற்றைவிட நீளமானது. எவ்வளவு நீளம் என்பதுதான் கேள்வி. வட்டம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் பெருகும் என்று பலர் நினைத்துக்கொண்டு, வெளியே போகப் போகத் தாராளமாக விட்டுவிடுகிறார்கள், விரிப்பு நெளிகிறது. உண்மையில் இரண்டாம் சுற்றுக்கும் இருபதாம் சுற்றுக்கும் கூடுதல் ஒன்றேதான். பின்னல் அகலத்தின் 6.28 மடங்கு. இரண்டரை சென்டிமீட்டர் பின்னலென்றால் ஒவ்வொரு சுற்றும் தனக்கு உள்ளே இருப்பதைவிட 15.7 சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கிண்ணம். அதற்கு மிஞ்சினால் அலை.

இதைக் கண்ணிகளாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் பின்னலில் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஓரத்தில் எத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். பதினைந்து என்றால் ஒரு கண்ணி இரண்டு சென்டிமீட்டர். 15.7 சென்டிமீட்டர் என்பது எட்டுக் கண்ணிகள். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் புதுப் பின்னலில் எட்டுக் கண்ணிகளைக் கோர்க்காமல் தாண்டிவிட வேண்டும். உள்சுற்றில் எந்தக் கண்ணியையும் தாண்டக் கூடாது. உங்கள் பின்னல் வேறு அகலமாக இருந்தால் எண்ணிக்கையும் வேறாக இருக்கும். ஒரு முறை கணக்கிட்டுக்கொண்டால் கடைசிச் சுற்று வரை அது மாறாது.

தாண்டல்களைச் சுற்று முழுவதும் பரவலாக வையுங்கள். அதைவிட முக்கியம், முந்தைய சுற்றில் தாண்டிய இடத்துக்கு நேர் வெளியே மறுபடி தாண்டக் கூடாது. எட்டுத் தாண்டல்களும் சுற்றுக்குச் சுற்று ஒரே கோட்டில் விழுந்தால் அங்கெல்லாம் மூலை முளைத்து, வட்டம் எண்கோணமாகிவிடும். தாண்டிய இடங்களில் நிற நூலை அடையாளமாகக் கட்டிவிட்டு, அடுத்த சுற்றில் அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களில் தாண்டுங்கள்.

எனக்கு இந்த வேலையைச் சொல்லித்தந்த அத்தை எண்ணிப் பார்த்ததே இல்லை. "இரண்டு கண்ணியும் முகத்துக்கு முகம் பார்க்கிறதா என்று பார். புதுக் கண்ணி பின்தங்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடு" என்பார். கோர்க்கும் நூல் இரண்டு பின்னல்களுக்கும் நடுவே நேராகக் குறுக்கே போனால் சரி; சாய்ந்து போனால் தாண்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழகிய கண்ணுக்கு இது போதும். ஆனால் முதல் விரிப்புக்கு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண் ஏமாறும்போது எண் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் அத்தை கண்டிப்பாகச் சொல்வார்: மடியில் வைத்துக் கோர்க்காதே. மடியில் விரிப்பு தொடையின் வளைவுக்கேற்பக் குழிந்து கிடக்கும். அந்தக் குழிவையே நீங்கள் நூலால் கட்டிப்போட்டுவிடுவீர்கள். மேசையிலோ தரையிலோ தட்டையாக வைத்துத்தான் கோர்க்க வேண்டும். தொலைக்காட்சி முன்னால் சாய்ந்துகொண்டு பின்னலாம், கோர்க்கக் கூடாது.

இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சோதியுங்கள். விட்டத்தை இரண்டு, மூன்று திசைகளில் அளந்து, வட்டம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓரத்தைச் சுற்றி அளவு நாடாவை ஓட்டுங்கள். சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டர் விட்டத்தில் 157 வர வேண்டிய இடத்தில் 150 வந்தால் ஓரம் இறுகிக்கொண்டிருக்கிறது. ஓரம் தூக்குவதைக் கண் பார்ப்பதற்கு முன்பே அளவு நாடா சொல்லிவிடும்.

குறை தெரிந்துவிட்டால் அடுத்த சுற்றில் கூடுதலாகத் தாண்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஆசைப்படாதீர்கள். இறுகிய சுற்று இறுகியபடியே இருக்க, அதற்கு வெளியே நெளிவும் சேர்ந்துகொள்ளும். கோர்த்த நூலை மட்டும் உருவிவிட்டு, தவறு தொடங்கிய சுற்றுக்குத் திரும்புங்கள். பின்னலைப் பிரிக்க வேண்டியதில்லை என்பது இதில் பெரிய ஆறுதல். மிகச் சிறிய கிண்ணமாக இருந்தால், ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, கனமான பலகையை ஏற்றி ஓரிரு நாள் விட்டால் பருத்தி படிந்துவிடும். நெளிவுக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

நிறம் மாற்றுதல்

மூன்று புரிகளையும் ஒரே இடத்தில் மாற்றினால் சுருளில் ஒரு படி தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரு புரி என்று மாற்றினால் பழைய நிறம் புதிய நிறத்துக்குள் கரைந்து போகும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

வெளிநிறத்துக்குத் துணி ஒதுக்கும்போது கவனம் வேண்டும். ஒரு மீட்டர் விரிப்பில் மொத்தம் 20 சுற்று. முதல் 14 சுற்றுக்குப் போகும் பின்னலும் கடைசி 6 சுற்றுக்குப் போகும் பின்னலும் ஏறக்குறையச் சமம். ஓரத்துக்கு வைத்திருக்கும் நிறம்தான் எப்போதும் தீர்ந்துபோகும்.

முடிப்பு

வட்டம் சட்டென்று நின்றால் ஓரத்தில் ஒரு மொட்டை நுனி துருத்தும். கடைசி 20 சென்டிமீட்டருக்கு நாடாக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகலாக்கி வெட்டி, மடித்துப் பின்னுங்கள். பின்னல் எலிவால் போலச் சிறுத்து முடியும். அதை உள்சுற்றோடு ஒட்டிக் கோர்த்து, மூன்று நுனிகளையும் மழுங்கிய ஊசியால் உள்சுற்றுக் கண்ணிகளுக்குள் இழுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாமல் நாலு தையல் போடுங்கள். கோர்த்த நூலையும் ஏழெட்டுக் கண்ணி பின்னோக்கி ஓட்டிய பிறகே வெட்ட வேண்டும்.

வளையத்தில் நெய்யும் முறை

பின்னலுக்குப் பொறுமை இல்லாதவர்களும் குழந்தைகளும் நாற்காலி இருக்கை அளவு விரிப்பை வளையத்தில் நெய்யலாம். பனியனின் உடல் பகுதியிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் வளைய நாடாக்களாகப் பதினொன்று வெட்டி, பெரிய பிளாஸ்டிக் வளையத்தின் குறுக்கே சக்கரத்தின் ஆரங்களைப் போல இழுத்து மாட்டுங்கள். 22 ஆரங்கள் கிடைக்கும். பக்கத்திலுள்ள இரண்டு ஆரங்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணிக்கையை 21 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒரு சுற்றில் மேலே போன நாடா அடுத்த சுற்றில் கீழே போகும். நடுவிலிருந்து மேலும் கீழுமாக நெய்து வாருங்கள். வெளியே போகப் போக ஆரங்களுக்கு நடுவே இடைவெளி விரியும். உள்ளங்கை நுழையும் அளவு விரிந்ததும், இரட்டையாக இருக்கும் ஒவ்வொரு ஆரத்தையும் இரண்டாகப் பிரித்து, எண்ணிக்கை மறுபடி ஒற்றைப்படை ஆகும்படி ஓரிடத்தில் மட்டும் இரண்டைச் சேர்த்துவிட்டுத் தொடருங்கள்.

இங்கும் நாடாவை இழுத்து நெய்தால் கிண்ணம்தான். நாடாவை இழுக்காமல் வைத்துவிட்டு, விரலால் உள்நோக்கித் தள்ள வேண்டும். வளையத்துக்கு ஒரு சாண் முன்பே நிறுத்தி, ஆரங்களை வெட்டி, பக்கத்துப் பக்கத்தில் உள்ளவற்றை இரண்டிரண்டாக முடிந்துவிடுங்கள்.

பயன்பாடும் பழுதும்

வழுக்கும் தரையானால் விரிப்புக்கு அடியில் ரப்பர் வலை போடுங்கள். மாதம் ஒரு முறை திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். கையால் அலசி, பிழியாமல் துண்டால் நீரை ஒற்றி எடுத்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் ஒரு பக்கமாக இழுத்து வட்டத்தை முட்டையாக்கிவிடும். தூசு தட்டச் சுவரில் அடிக்காதீர்கள்; கோர்த்த நூல் அறும்.

பல ஆண்டு மிதித்த பிறகு முதலில் போவதும் அந்த நூல்தான். இரண்டு சுற்றுக்கு நடுவே தரை தெரிந்தால் உடனே கவனியுங்கள். அறுந்த இடத்துக்கு இருபுறமும் பத்துக் கண்ணி வரை பழைய நூலை விட்டுவிட்டு, புது நூலை அதன்மேலேயே ஓட்டிக் கோர்த்து வாருங்கள். பின்னலே நைந்திருந்தால், அதே பருமனில் ஒரு துண்டு நாடாவை மடித்து, நைந்த புரியின் வழியே மழுங்கிய ஊசியால் இழுத்து மூடி, இரண்டு முனையிலும் தைத்துவிடுங்கள். இதற்காகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மீட்டர் நாடாவைச் சுருட்டி எடுத்துவைத்திருக்கிறேன்.